ஆயிஷாவின் கடைசிப் பேப்பர்

கல்லூரி வாசலில் நிற்கிறோம், ஆயிஷாவும் நானும். தேர்வு எழுத வேண்டியது அவள். நடுங்கிக்கொண்டிருப்பது நான்.

என் சட்டைப் பையில் ஐந்து பேனாக்கள். ஐந்தும் நீலம். வீட்டில் கிறுக்கிப் பார்த்து, தெருமுனையில் கிறுக்கிப் பார்த்து, வாசலுக்கு வந்தபின் உள்ளங்கையிலும் ஒரு முறை கிறுக்கிப் பார்த்தாகிவிட்டது. அப்படியும் ஒரு பேனாவை மறுபடி எடுத்துக் கிறுக்குகிறேன். பரீட்சை உனக்கில்லையடா என்று கைக்கு யார் சொல்வது?

ஆயிஷாவின் விரல்கள் என் இடது முழங்கைக்குச் சற்று மேலே இருக்கின்றன. கண் தெரியாதவர்களை நாம் கையைப் பிடித்து இழுத்துப் போகக் கூடாது. அவர்கள்தான் நம் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இது அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இதில் எனக்கு ஒரு நஷ்டம் உண்டு. என் நடுக்கம் முழுவதும் அவள் விரல்களுக்குத் தெரிந்துவிடும்.

வாசலை ஒட்டிக் காவலாளியின் சின்ன அறை. கதவருகே கல்லூரி ஆயாம்மா ஒருவர் நிற்கிறார். மணி அடிக்கப் பத்து நிமிடம்.

ஆயிஷா மெல்லக் கேட்கிறாள்: "சார், அங்க யாராவது ஆம்பளைங்க பாக்கறாங்களா?"

பதில் சொல்ல எனக்கு மூன்று விநாடிகள் இருந்தன. உங்களுக்குச் சொல்லக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். எதையும் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்பது இந்தத் தொடரை வாராவாரம் பொறுத்துக்கொள்ளும் உங்களுக்குத் தெரியும்.

ஊசி இல்லாத சேவை

எனக்கு வேலை வைட்ஃபீல்டில். யாரோ செய்த மென்பொருளை வேறு யாரோ எப்படி உபயோகிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் வேலை. அதை யாரும் படிப்பதில்லை என்பதால் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு அலுவலகத்தில் ஒரு மெயில் வந்தது. எல்லோரும் ஏதாவது ஒரு சமூக சேவை செய்தாக வேண்டும். ரத்த தானம், மரம் நடுதல், பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுத்தல் என்று மூன்று கட்டங்கள்.

ரத்த தானம் சரிப்படாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் போர்டைப் பார்த்தே ஒரு முறை மயங்கி விழுந்தவன் நான். மரம் நடுவதென்றால் குனிய வேண்டும். மூன்றாவதில் நாற்காலி உண்டு. டிக் அடித்தேன். என் சேவை மனப்பான்மையின் முழு வரலாறு இவ்வளவுதான்.

எழுதிக்கொடுப்பவருக்கு ஒரு தகுதி வேண்டும் என்றார்கள். அவர் அந்தப் பாடத்தைப் படித்திருக்கக் கூடாது. ஆயிஷா பி.ஏ. சரித்திரம். நான் கெமிஸ்ட்ரி. சரித்திரம் எனக்குத் தெரியாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். அறியாமைக்காக நான் வாங்கிய சான்றிதழ் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சான்றிதழ் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது.

மூச்சு இல்லாத தர்மம்

எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில். ஆயிஷாவின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கால் மணி நேர நடை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவளுடைய அம்மா அவளை எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து விடுவார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிப் பழக வேண்டும். என் மனைவி வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். உரித்ததில் பாதியை ஆயிஷா தின்றுவிடுவாள்.

அவள் பதில்களைக் கன்னடத்தில் சொல்வாள். நான் இந்த ஊரில் பிறந்தவன். பள்ளியில் கன்னடம் படித்தவன். சரளமாகப் பேசுவேன், வேகமாக எழுதுவேன். ஆனால் ஒரு தமிழன் கன்னடம் எழுதும்போது எங்கே சறுக்குவானோ அங்கே ஒழுங்காகச் சறுக்குவேன். நமக்கு ஒரே ஒரு 'ப'. அதை வைத்துக்கொண்டு பல்லையும் எழுதுகிறோம், பயத்தையும் எழுதுகிறோம். அவர்களுக்கு 'ப' நான்கு. அதில் இரண்டுக்கு மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். மகாபிராணம் என்று பெயர். மகாபிராணம் வருகிற இடத்திலெல்லாம் என் பேனா மூச்சை மிச்சம் பிடித்துவிடும்.

ஆயிஷாவுக்கு ஐந்தாம் வகுப்பு வரை பார்வை இருந்தது. எழுத்துகளின் முகம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முதல் நாளே பிடித்துவிட்டாள்.

"சார், இப்ப நான் சொன்ன தர்மத்துக்கு எந்த 'த' போட்டீங்க?"

"ஒரு 'த' போட்டேன்மா."

"எந்த 'த'? மூச்சு விட்டதா, விடாததா?"

நான் தாளைப் பார்த்தேன். "விடாதது."

"உங்க தர்மத்துல மூச்சே இல்ல சார்," என்றாள். "செத்துப் போச்சு. திருப்பி எழுதுங்க."

வசந்தா பட்டாணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஆயிஷாவே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். "வாய்க்கு முன்னால உள்ளங்கைய வெச்சிக்கிட்டுச் சொல்லிப் பாருங்க சார். காத்து கைல பட்டா மகாபிராணம்." அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு கனத்த மனிதர், கூடத்தில் உட்கார்ந்து தன் கையை ஊதி ஊதி எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி, சாருக்கு ஆஸ்துமாவா என்று வசந்தாவிடம் விசாரித்தாராம்.

அவளுடைய பெயரை ஒரு முறை தாளின் தலைப்பில் எழுதினேன். "வயிறு கிழிஞ்ச ஷ தானே போட்டீங்க?" என்று கேட்டாள். கன்னடத்தில் இரண்டு 'ஷ' உண்டு. ஒன்றுக்கு நடுவயிற்றில் கோடு போட்டிருக்கும். பிள்ளைகள் அதை அப்படித்தான் சொல்வார்கள். நான் வயிறு கிழியாததைப் போட்டிருந்தேன். ரகசியமாக அடித்துத் திருத்தினேன். பேனா தாளில் உரசிய சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கிழிச்சாச்சா சார்?"

"கிழிச்சாச்சும்மா."

அவளுக்கு இருந்த திட்டம் எளிமையானது. பட்டம் வாங்க வேண்டும். பி.எட். சேர வேண்டும். தன்னைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சரித்திரம் சொல்லித்தர வேண்டும். "எனக்கு யாரும் ஒழுங்கா சொல்லித்தரல சார். எல்லாரும் படத்தப் பாரு, படத்தப் பாருன்னாங்க."

என்ன தெரியுது சார்?

பயிற்சி முடிந்ததும் நான்தான் அவளை வீட்டில் கொண்டுபோய் விடுவேன். ரயில் பாலத்தின் அடியில் நடக்கும்போது மேலே வண்டி போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். வண்டி போய்விட்டால் அவள் முதலில் கேட்பது இதுதான்:

"இப்ப என்ன தெரியுது சார்?"

தெரிவதில் பெரிய சுவாரசியம் எதுவும் இருக்காது. பூக்காரம்மா, நின்றுபோன ஆட்டோ, பேல்பூரி வண்டி. அதனால் நான் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். போலீஸ்காரருக்குத் துடைப்பம் போல மீசை வைப்பேன். பேல்பூரிக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் நடுவில் பழைய காதல் விவகாரம் ஒன்றை உண்டாக்குவேன். எதிரே வரும் நாய்க்குக் கூலிங் கிளாஸ் மாட்டுவேன்.

"பொய்தானே சார்?"

"நாய் உண்மை."

"கண்ணாடி?"

"வந்து... வெயில் அதிகம்மா."

அவள் சிரித்துக்கொண்டே என் கையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் ஞாயிறு காலையிலிருந்தே சரக்குச் சேர்த்து வைப்பேன். என் பேச்சை இத்தனை கவனமாகக் கேட்ட இன்னொருவரை நான் சந்தித்ததில்லை. எந்தக் கூட்டத்திலும் மேசைக்கு அடியில் போன் பார்க்கும் மனிதர்களோடு காலம் தள்ளுகிறவனுக்கு அது பெரிய போதை.

நான் உண்டாக்கிய கலவரம்

இந்த இடத்தில் என் பன்னிரண்டாம் வயதுக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்பு. திங்கட்கிழமை கன்னடப் பரீட்சை. ஒரு எழுத்துப் படிக்கவில்லை. மெஜஸ்டிக் பக்கம் போகும் வழியில் இருந்த பிள்ளையாரிடம் ஞாயிறு மாலை ஒப்பந்தம் போட்டேன். பரீட்சை தள்ளிப்போனால் பதினோரு தேங்காய். எப்படித் தள்ளிப்போக வேண்டும் என்று குறிப்பாக எதுவும் சொல்லவில்லை. அங்கேதான் தப்புச் செய்தேன்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கவில்லை. ஊரில் கலவரம். யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. ஊரடங்கு என்ற வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். ஜன்னலை மூடிவிட்டு வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். எனக்கு ஜுரமே வந்துவிட்டது. இதையெல்லாம் நான்தான் செய்தேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்!

பள்ளி திறந்தபோது என் பெஞ்சில் பக்கத்து இடம் காலி. இம்தியாஸ் வரவில்லை. கணக்கில் புலி அவன். எனக்காக விடைகளைப் பெரிய எழுத்தில் எழுதுவான், நான் கழுத்தை அதிகம் வளைக்க வேண்டாம் என்று. வேறு வட்டாரத்துக்கு வீடு மாறிவிட்டார்கள், அங்கேயே சேர்த்துவிட்டார்கள் என்று வாத்தியார் பதிவேட்டில் கோடு போட்டார். அந்த வகுப்பில் அப்படி ஐந்தாறு கோடுகள் விழுந்தன. எங்களைப் போன்ற இந்து வீட்டுப் பையன் ஒருவன் அவர்கள் வட்டாரத்துப் பள்ளியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தான். இப்படியே ஆளுக்கு ஆள் இடம் மாறி, பிரித்துவைத்த சீட்டுக்கட்டு மாதிரி ஆகிவிட்டன பள்ளிகள்.

பரீட்சை இரண்டு வாரம் தள்ளிப்போனது. அப்போதும் நான் படிக்கவில்லை. பதினோரு தேங்காயையும் உடைக்கவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் பிள்ளையார் மன்னிக்கட்டும்.

அந்த வாரம்

ஆயிஷாவுக்குக் கடைசி செமஸ்டரில் ஐந்து பேப்பர்கள். வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு தனியார் கல்லூரிதான் தேர்வு மையம். எங்களுக்குத் தனி அறை, தனியாக ஒரு பெண் கண்காணிப்பாளர், கூடுதல் நேரம். முதல் மூன்று பேப்பர்கள் சுகமாகப் போயின. துப்பட்டாவைத் தலையில் சுற்றித்தான் வந்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்காவது பேப்பருக்குள் ஊர் மாறிவிட்டது. மாநிலம் முழுக்கக் கல்லூரி வாசல்களில் அந்தத் தகராறு ஓடிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். தலையில் துணியோடு வரும் பெண்களை உள்ளே விடக் கூடாது என்று ஒரு கூட்டம், காவித் துண்டு போட்ட பையன்கள் ஒரு கூட்டம், நடுவில் போலீஸ், எல்லோருக்கும் முன்னால் கேமரா. அது எங்கள் மையத்தின் வாசலுக்கும் வந்தது.

அந்தப் பேப்பருக்கு முதல் நாள் மாலை ஆயிஷாவின் அம்மா போன் செய்தார். தக்கனி உருது கலந்த தமிழ் அவருடையது; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார்.

"அண்ணா, நாளைக்கு கேட்லயே எடுக்கச் சொல்வாங்களாம். இவ மாமா எக்ஸாமே நக்கோங்கறாரு. இவ போவேங்கறா. நான் என்னா செய்யறது?"

போனை ஆயிஷா வாங்கிக்கொண்டாள். "சார், நான் யோசிச்சிட்டேன். வெறும் லேடீஸ் இருக்கற எடம்னா எடுக்கறேன். ஆம்பளைங்க பாக்கற எடத்துல எடுக்க மாட்டேன், திரும்பி வந்துடுவேன். உள்ள நம்ம ரூம்ல நீங்களும் மேடமும் மட்டும்தான், அது பரவால்ல. அவ்ளோதான். இதுல சண்டை எதும் வேணாம். நீங்க பாத்துச் சொல்லிடுங்க சார்."

"சொல்றேன்மா," என்றேன்.

கேட்டதற்கு ஒப்புக்கொண்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று விநாடி

காலையில் வாசலுக்கு முன்னால் போலீஸ் இரும்புத் தடுப்பு வைத்திருந்தது. ஹால் டிக்கெட் இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. ஆயிஷாவின் அம்மா தடுப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் உள்ளே வந்தோம்.

காவலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், ஸ்கார்ஃப் தெகீபேக்கு. நான் ஏனு மாட்லி, ரூல்ஸ் பந்திதே." எடுத்தாக வேண்டும், நான் என்ன செய்ய, ரூல்ஸ் வந்துவிட்டது என்று. அவர் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. வெயிலில் நின்ற களைப்புதான். பக்கத்து அறையைக் காட்டினார். ஆயாம்மா கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குடம், எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல். அதற்குத் திரை இல்லை, கதவும் பாதிதான் சாத்தும். ஜன்னலுக்கு வெளியே மூன்று பையன்கள். கழுத்தில் துண்டு. ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

அப்போதுதான் அவள் கேட்டாள், நான் முதலில் சொன்ன கேள்வியை. அங்க யாராவது ஆம்பளைங்க பாக்கறாங்களா?

என் தலைக்குள் என்ன ஓடியது என்று இப்போது யோசித்துச் சொன்னால் அழகாகச் சொல்லிவிடலாம். ஒரு பெண்ணின் படிப்பு, மூன்று வருட உழைப்பு, எதிர்காலம் என்று. அதெல்லாமும் ஓரமாக ஓடியிருக்கலாம். நடுவில் ஓடியது வேறு. இருக்கிறார்கள் என்று சொன்னால் நான் காவலாளியிடம் பேச வேண்டும். காவலாளி பிரின்சிபாலைக் கூப்பிடுவார். பையன்கள் என்னைச் சூழ்வார்கள். கேமரா வரும். நீ யார், உன் பெயர் என்ன, உனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பேன், காற்றுத்தான் வரும், அத்தனையும் மகாபிராணம்.

"யாரும் இல்லம்மா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். உள்ளே போனாள். துப்பட்டாவை எடுத்து நான்காக மடித்து என் பைக்குள் வைக்கச் சொல்லி நீட்டினாள். நான் தரையைப் பார்த்தபடி வாங்கினேன். நான் பார்க்கவில்லை என்பதில் எனக்கு ஒரு கண நேரம் பெருமைகூட இருந்தது. என்ன பெருமையோ.

அன்று அவள் சொன்ன பதில்களைப் போல அதற்கு முன்பு சொன்னதில்லை. கேள்வியை நான் படித்து முடிக்கும் முன்பே தொடங்கிவிடுவாள். கூடுதல் தாள் வாங்கிக்கொண்டே இருந்தேன். கண்காணிப்பாளரே வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஆயிஷா விரல்களை மடக்கி நீட்டினாள், எழுதியது தான்தான் என்பது போல.

"கை வலிக்குதா சார்?"

"உனக்கு?"

சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் கடைசி.

ஜன்னலின் அகலம்

சாயங்காலம் ஐந்து மணிக்குள் வீடியோ எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. வசந்தாவின் குடும்பக் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். பின்னணியில் மேளம் சேர்த்திருந்தார்கள். இருபது விநாடி. ஆயிஷாவின் தலை, கிளிப் போட்ட முடி, அவள் துணியை மடிக்கும் நிதானம். அவளுக்குப் பின்னால் வாசற்படியில் ஒரு கனத்த மனிதர். சட்டைப் பையில் ஐந்து பேனாக்கள். வீடியோவின் முதல் விநாடியில் அவர் ஜன்னலை நேராகப் பார்க்கிறார்.

வசந்தா போனை மேசையில் வைத்தாள். "ஏங்க, அந்தப் பசங்களப் பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன்."

"அவ கேக்கலையா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

நான் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"அவ எழுதணுமேன்னு மறைக்கல நீங்க. நீங்க அவங்ககிட்டப் பேச வேண்டி வந்துடுமேன்னுதான் மறைச்சீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

இருபது வருடத்துக்கு மேல் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவதில் உள்ள ஆபத்து இதுதான்.

என் போன் அடித்தது. ஆயிஷாவின் அம்மா பெயர் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சார்ஜ் இல்லாத போன் தானாக அணைந்துவிட்டது போல என் கையாலேயே அணைத்தேன். யாரும் பார்க்காதபோதும் நடித்தேன்.

மறுநாள் காலை நானே கூப்பிட்டேன். அம்மா அழவில்லை. திட்டவுமில்லை.

"ஜீனத் பாத்துட்டுச் சொல்லிட்டா அண்ணா," என்றார். ஜீனத் ஆயிஷாவின் சித்தி மகள். "ஆயிஷா பேச நக்கோங்கறா. ஒண்ணு மட்டும் கேக்கறேன். நான் வெளியவேதானே இருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போலீஸ்காரங்க கால்ல வுழுந்தாச்சும் உள்ள வந்து, என் துப்பட்டாவ ஜன்னல்ல புடிச்சிட்டு நின்னிருப்பேனே?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. அது மட்டுமா? நான் போய் அந்த ஜன்னலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தால் போதும். அந்த ஜன்னல் என் அகலத்தில் பாதிகூட இல்லை. ஆயுள் முழுக்கக் கேலிக்கு மட்டும் பயன்பட்ட உடம்பு, உண்மையிலேயே பயன்படக்கூடிய ஒரு பத்து விநாடி வந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

ஐந்தாவது பேப்பர் அடுத்த வாரம். ஐந்து பேனாக்களோடு வாசலில் போய் நின்றேன். மணி அடித்தது. வாசலை மூடினார்கள். அவள் வரவில்லை.

நாலடி தூரம்

சில மாதங்களில் அவர்கள் ஆனேக்கல் பக்கம், மாமா வீட்டோடு போய்விட்டதாகத் தெரிந்தது. நான்கு பேப்பரில் தேறியிருந்தாள் என்றும் தெரிந்தது. மீதி ஒன்று அப்படியே நின்றது. பட்டம் இல்லை, பி.எட். இல்லை.

நான் எழுதிக்கொடுக்கும் வேலையை விட்டுவிட்டேன். மறு வருடம் மரம் நட்டேன். குனிந்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தடியில் நடக்கும்போது மேலே வண்டி வந்தால் மட்டும் இப்போதும் நின்றுவிடுவேன். வண்டி போனபின்னும் கொஞ்சம் நிற்பேன். பக்கத்திலிருந்து யாராவது எதையாவது கேட்பார்களோ என்று. துடைப்ப மீசைக்காரர்கள் எத்தனையோ பேர் சும்மாவே கடந்துபோனார்கள்.

இந்த வருடம், அலுவலகத்தில் இருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"சார், ஆயிஷா."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேனோ.

"எப்படி இருக்கீங்க சார்?"

"இன்னும் குண்டா இருக்கேன்மா."

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எத்தனை பேர் சார்?"

பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் போனேன். "மூணு பேர்."

"மூணு பேர் கையிலயும் போனா?"

"ஒருத்தன் கையில."

"எவ்ளோ தூரம்?"

"அஞ்சடி. இல்ல, நாலடி."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தன் சிரிச்சான். மத்த ரெண்டு பேர் சும்மா நின்னாங்க. ஒருத்தனுக்கு மீசைகூட முளைக்கல."

இப்போது நான் எதையும் சேர்க்கவில்லை. அவள் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொள்வது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் இருட்டாக இருந்த ஒரு அறையில் அவள் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா நான் திரும்பிப் போயிருப்பேன்னு நெனச்சீங்களா சார்?"

"ஆமாம்மா. அதோட பயந்தேன்."

"பயந்தது தெரியும். உங்க கை ஆடிச்சு. எக்ஸாமுக்காகன்னு நெனச்சேன்." பிறகு சொன்னாள்: "திரும்பிப் போயிருப்பேனோ, என்னவோ. கோவம் வந்து அவனுங்க முன்னாடியே எடுத்துட்டுக்கூடப் போயிருப்பேன். எதுவா இருந்தாலும் நான் செஞ்சதா இருந்திருக்கும்."

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"பழைய சிலபஸ்காரங்களுக்கு இதுதான் லாஸ்ட் சான்ஸ் சார். ஒரு பேப்பர்தான். ரெண்டு பேர வெச்சு எழுதிப் பாத்தேன். நான் ஒண்ணு சொன்னா அவங்க ஒண்ணு எழுதறாங்க. நல்லதுக்குத்தான் மாத்தறேங்கறாங்க. நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க. பேப்பர்ல நீங்க பொய் எழுதினதில்ல."

"வர்றேன்மா. என்னிக்குன்னு சொல்லு."

"கை மட்டும் வேணும் சார். கண்ணுக்கு ஜீனத் வர்றா."

செவ்வாய்க்கிழமை

தேர்வு மையம் வேறு கல்லூரி. ஆனேக்கலிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினார்கள். ஜீனத் நர்சிங் படிக்கிறாள், ஒல்லி, கடுகடுப்பான முகம். என்னை ஏற்கெனவே இருபது விநாடி பார்த்திருப்பதால் அறிமுகம் தேவைப்படவில்லை.

ஆயிஷா கொஞ்சம் இளைத்திருந்தாள். தலையில் கரும்பச்சைத் துப்பட்டா. ஜீனத்தின் முழங்கையைப் பிடித்திருந்தாள். நான் அவர்களுக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன். என் இடது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பைக்குள் விட்டேன், எடுத்தேன், முதுகுக்குப் பின்னால் கட்டினேன். வெறும் கைக்கு இத்தனை எடை இருக்கும் என்று நினைத்ததில்லை.

வாசல் அமைதியாக இருந்தது. தடுப்பு இல்லை, துண்டு இல்லை, கேமரா இல்லை, துப்பட்டாவை எடு என்று சொல்லவும் யாரும் இல்லை. கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. ஆயிஷா வாசலுக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. யாரும் கேட்காமலே சொன்னேன்.

"யாரும் இல்லம்மா."

இந்த முறை உண்மை. நான்கு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"சரி சார்," என்றாள் ஆயிஷா, மரியாதையாக. பிறகு தலையை மறுபக்கம் சாய்த்து, மெதுவாக, "கோன் ஹை ரீ?" என்று கேட்டாள், யார் இருக்கிறார்கள் என்று.

ஜீனத் அவசரப்படவில்லை. வாசல், மரத்தடி, மாடி ஜன்னல்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏக் வாட்ச்மேன் ஹை, ஆபா. சாய் பீ ரா. பஸ்." ஒரு வாட்ச்மேன், டீ குடிக்கிறார், அவ்வளவுதான் என்று.

திரும்பிப் பார்த்தேன். ஆமாம், மரத்துக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை நானும் பார்த்திருந்தேன். கணக்கில் சேர்க்கவில்லை.

ஆயிஷா துப்பட்டாவின் நுனியைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.